தைலக் கப்பல்

நேற்றுச் சாயங்காலம் பெரியம்மா வந்தார். கப்பலில் போய்வந்த கதையைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நம்பி, கடைசி நாள் நடுக்கடலில் எடுத்த சூரியோதயப் படத்தைச் செல்போனில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மனைவி கொடுத்த கோடாலித் தைலத்தை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, சின்ன பாட்டில்தான் கெடச்சுதா?"

காப்பி குடித்து முடித்ததும், "இப்பெல்லாம் சேலம் கடைவீதியிலயே கெடைக்குதாமே" என்றார்.

அந்தச் சூரியோதயத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். தைலத்தை முடித்துவிட்டு வருகிறேன்.

நாங்கள் நாமக்கல்காரர்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் மேட்டூரில் 120 அடி; அதற்கு மேல் கற்பனை போகாது. அப்படிப்பட்டவர்கள் சிங்கப்பூர் போய், மரினா பேயில் கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பினோம். கடைசி நாள் கப்பல் எங்கும் நிற்காது. நாள் முழுக்கக் கடல்தான். அதற்காகவே கூடுதல் பணம் கட்டிப் பால்கனி வைத்த அறை எடுத்திருந்தேன். காலை பத்து மணிக்குப் பெட்டிகள் கட்டிலின் மேல் ஏறின. இடம் போதாமல் ஒரு காலிப் பெட்டி பால்கனிக்குப் போனது. எங்கள் குடும்பத்திலேயே அந்தக் கடலை நிம்மதியாகப் பார்த்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

தைலத்தைக் கப்பல் ஏறுவதற்கு முன்பே சிங்கப்பூர் முஸ்தபா கடையில் வாங்கிவிட்டோம். கடைசி நாளில் கடைக்குப் போக நேரமிருக்காதாம். ஆகவே நாற்பது பாட்டில்கள் எங்களோடு புக்கெட் வரை உல்லாசமாகப் போய்த் திரும்பின. சொந்தக்காரர்களுக்கு அளவு உண்டு. அதற்கு ஒரு நோட்டும் உண்டு. சம்பந்தி வீட்டுக்கு 56 மில்லி. பங்காளிகளுக்கு 28. அக்கம்பக்கத்தாருக்கு 10. "ஊர்ல ஆளையே காணோமே" என்று விசாரிக்கக் கூடியவர்களுக்கு 3 மில்லி. பெரியம்மா 28-இல்தான் இருந்தார். ராசிபுரம் கல்யாணப் பந்தியில் எங்களைக் கவனிக்காமல் விட்டதால், மலாக்கா ஜலசந்தியில் வைத்து 10-க்கு இறக்கப்பட்டார். பதவி இறக்கம் நடந்தபோது நான் சாட்சி, தடுக்கவில்லை.

தைலம் கொடுப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. 1928 முதல் சிங்கப்பூரில் தயாரிக்கிறார்கள். மேட்டூர் அணையே 1934-இல்தான் கட்டி முடிந்தது. அணையைவிட ஆறு வயது மூத்த தைலம். உங்கள் வீட்டு பீரோவிலும் அரை பாட்டில் இருக்கும், போய்ப் பாருங்கள்.

விமானத்தில் பெட்டிக்கு 20 கிலோதான். ஓவர்லோடு என்றால் என்னவென்று நாமக்கல்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் ஊரில் எடை மேடை ஏறாத லாரி உண்டா? ஆனால் எந்த எடை மேடையும் மிதந்துகொண்டிருக்காது. கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கினால் 21.3 காட்டியது. மறுபடி தூக்கினால் 19.8. அப்புறம் 20.6.

"அசையாமப் புடிங்க."

"நான் அசையலைடி, கப்பல் அசையுது."

"அப்ப கப்பல் சாயறப்போ தூக்குங்க."

எந்தப் பக்கம் சாயும்போது என்று அவள் சொல்லவில்லை. பதினொரு தடவை தூக்கினேன். என் பேண்ட் இரண்டு வெளியே வந்தன, தைலம் உள்ளே போனது. கடைசியில் 20.0 காட்டிய கணத்தில் ஜிப்பை இழுத்து மூடினோம். பெட்டிகளை ராத்திரி பதினொரு மணிக்குள் அறை வாசலில் வைத்துவிட வேண்டும். காலையில் கரையில் வாங்கிக்கொள்ளலாம். வைத்தோம். பதினொன்றரைக்கு அவளுக்கு ஞாபகம் வந்தது. சம்பந்தி வீட்டு 56 மில்லியைத் துணியில் சுற்றவில்லை.

லுங்கியோடு வராந்தாவில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பாட்டில் உடையவில்லை, மூடி மட்டும் சற்றுத் தளர்ந்திருந்தது. எதிர் அறைக் கதவு திறந்தது. ஒரு வெள்ளைக்காரர் மூக்கைச் சுளித்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் போட வேண்டிய சட்டை பச்சையாகியிருந்தது. அதே சட்டையோடு லிட்டில் இந்தியாவில் பகல் முழுக்கத் திரிந்தேன், அதே சட்டையோடு திருச்சி விமானத்தில் உட்கார்ந்தேன். முசிறி, தொட்டியம் வழியாக வரும்போது டிரைவர் ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னல்களை இறக்கினார். "யாருக்குங்க தலவலி?" என்று கேட்டார். எனக்குத்தான்.

இவ்வளவும் செய்து கொண்டுவந்து கொடுத்தால், சேலம் கடைவீதியில் கிடைக்கிறதாம். கிடைக்கட்டுமே. கடைவீதி பாட்டில் கடலைப் பார்த்திருக்குமா? நான்தான் பார்க்கவில்லை, எங்கள் பாட்டிலாவது பார்த்திருக்கிறது.

பீரோவில் இன்னும் ஏழு பாட்டில் மிச்சம், எல்லாம் 3 மில்லி. நாமக்கல் பக்கம் வருகிறவர்கள் தாராளமாக வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். வந்தால், கப்பல் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். படம் செல்போனில்தான் இருக்கிறது.