மராமத்து மேஸ்திரி

புது வீடு கட்டும் மேஸ்திரி வேறு, மராமத்து மேஸ்திரி வேறு. புது வீட்டுக்காரர் எங்கோ வாடகை வீட்டில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவார். மராமத்தில் அப்படியில்லை. வீட்டுக்காரர் சமைத்து, குளித்து, தூங்கும் இடத்திலேயே வேலை நடக்கும், அல்லது நடக்காமல் இருக்கும். சென்னையில் 30, 40 வருடத்துப் பழைய அடுக்ககங்களே இவருடைய வாழிடம். கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் இறங்கிய மறுநாள் இவர் அழைக்கப்படுகிறார்.

முதல் கட்டம் பார்வையிடல். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், விரல் முட்டி போதும். குளியலறை டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருவார். கெட்டியாகச் சத்தம் வந்தால் முகம் வாடும். உள்ளே காற்று இருப்பதுபோல் டப டப என்று வந்தால் மலரும். பிறகு கேட்பார்: "இத யாரு சார் போட்டது?" முன்பு வேலை பார்த்த மேஸ்திரி எவரும் ஒழுங்காகச் செய்ததாக இந்தத் தொழிலின் சரித்திரத்தில் பதிவில்லை. பத்து வருடத்துக்கு முன் போட்டது நீங்கள்தான் என்று வீட்டம்மா நினைவூட்டினால், "அப்ப பசங்க போட்டிருப்பாங்கம்மா, நான் ஊர்ல இல்ல" என்று பதில் வரும்.

இரண்டாவது மதிப்பீடு. புது வீட்டுக்குச் சதுரக் கணக்கு உண்டு. 100 சதுர அடி ஒரு சதுரம். மராமத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. "இடிச்சுப் பாத்தாதான் சார் தெரியும்" என்பார். இருந்தாலும் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் ஒரு தொகை எழுதப்படும். ஆர்க்கிடெக்ட் மில்லிமீட்டர் சுத்தமாக வரைந்து கொடுத்த படத்தை மரியாதையாக வாங்கி, வாசல் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்து, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வார். ஆர்க்கிடெக்ட் வரும் நாளில்தான் அது வெளியே வரும். அவர் கிளம்பியதும், "அவரு சொல்லுவாரு சார், அங்க பீம் போவுது" என்பார். பல சமயம் அங்கே பீம் போகவும் செய்யும்.

மூன்றாவது கட்டம் உடைத்தல். மேஸ்திரியின் முழு ஆளுமையும் வெளிப்படுவது இங்கேதான். முன்பணம் கைமாறிய மறுநாள், பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறக்கும்போதே சம்மட்டி, உளி, டிரில்லிங் மெஷினோடு ஆட்கள் நிற்பார்கள். அன்றைய சுறுசுறுப்பைப் பார்ப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடிந்துவிடும் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். மதியத்துக்குள் சுவர் டைல்ஸ் போகும். மூன்று மணிக்குத் தரை போகும். டாய்லெட் கோப்பை பெயர்ந்து பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரும். நாலரைக்குக் குழாய் போகும். ஐந்து மணிக்கு, எதிர்வீட்டில் தண்ணீர் கேட்டுக் கைகால் கழுவிக்கொண்டு ஆட்களும் போவார்கள். மறுநாள் யாரும் வரமாட்டார்கள்.

இதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் மேஸ்திரியை அறியாதவர்கள். ஒருவர் இடித்துப் போட்ட இடத்தில் இன்னொரு மேஸ்திரி லேசில் கை வைக்கமாட்டார். வைத்தாலும் இரட்டிப்பாகக் கேட்பார். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல, இவர் சம்மட்டியைப் போட்டு வீட்டைப் பிடிக்கிறார். பிடித்த இடத்தில் உட்கார அவசரம் என்ன? உடைக்காத வீட்டுக்காரர் மனம் மாறலாம், பக்கத்துத் தெரு மேஸ்திரியிடம் விலை விசாரிக்கலாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட இருந்துவிடலாம். உடைத்த வீட்டுக்காரருக்கு இந்தச் சுதந்திரம் எதுவும் கிடையாது. "எப்ப மேஸ்திரி வருவீங்க?" என்று கேட்கும் குரலில் முன்தினம் வரை இருந்த அதிகாரம் போய், ஒரு பணிவு வந்துவிடும்.

இரண்டு கழிவறை உள்ள வீட்டில் ஒன்றையாவது விட்டுவைப்பார் என்று எதிர்பார்ப்பது தவறு. "ரெண்டையும் ஒண்ணா எடுத்தா கலவை மிச்சம் சார்" என்று ஒரே நாளில் இரண்டையும் பெயர்த்தவர் உண்டு. முழங்கால் வலியுள்ள 80 வயது மாமியாரை, விடியற்காலையில் மருமகள் கைத்தாங்கலாகப் பிடித்து மேல்மாடி வீட்டுக் கழிவறைக்குப் படியேற்றிய வாரம் அது. அந்த வாரம் முழுக்க மேஸ்திரி போனை எடுக்கவில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை, இது அக்கிரமம்.

நான்காவது கட்டம் தொலைபேசியில் நடப்பது. "வந்துக்கினே இருக்கேன் சார், வடபழனி சிக்னல்ல நிக்கிறேன்." பின்னணியில் ஹார்ன் சத்தம் கேட்காது, டைல்ஸ் வெட்டும் மெஷின் கேட்கும். சொல்லப்படும் காரணங்களில் அறிவியல் அடிப்படை உள்ளது 'க்யூரிங்' ஒன்றுதான். சிமெண்ட் வலுப்பெறக் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும் என்பது உண்மை. அந்த நாட்களில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது வீட்டம்மாவின் வேலை, வராமல் இருப்பது மேஸ்திரியின் வேலை. பூச்சு வேலையே ஆரம்பிக்காத வீட்டிலும் இந்தக் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது.

இவர் இப்படி இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. ஆடியில் புது வீட்டுக்குப் பூஜை போடுபவர்கள் குறைவு. ஆட்களைச் சும்மா வைத்திருக்க முடியாமல் மராமத்துகளை ஒப்புக்கொள்வார். ஆவணி பிறந்ததும் புது வீடுகள் கூப்பிடும். நாலு காசு நிற்பதும் அங்கேதான். சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரக்கூலி கொடுத்தாக வேண்டும். மாம்பலத்தில் வாங்கிய முன்பணம் அயனாவரத்துக் கூலிக்குப் போகும். மாம்பலத்துக் கூலிக்கு முகப்பேரில் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கினால் அங்கேயும் உடைத்தாக வேண்டும். ஆட்கள் நடவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் போய்விட்டால், அவர்கள் திரும்பும் நாள் மேஸ்திரிக்கே தெரியாது.

கடைசிக் கட்டத்தில் ஒருநாள் வருவார். அன்று கரணையைக் கொத்தனாரிடமிருந்து வாங்கித் தானே குந்தி உட்கார்ந்து தரைக்கு வாட்டம் பார்ப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார், ஒரு டைல்ஸைக் கரணைக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டுவார், விளிம்பை உள்ளங்கையால் தடவுவார். பிறகு மூலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார். அது எங்கும் தேங்காமல் நேரே வடிகால் ஜாலிக்குப் போய்ச் சேரும். திட்டுவதற்காக வாரக்கணக்கில் சேர்த்து வைத்ததெல்லாம் வீட்டுக்காரருக்கு மறந்துபோகும். வீட்டம்மா காபி போட உள்ளே போவார். அந்தக் கை வேலை தெரிந்த கை. அதை முதல் வாரமே காட்டியிருக்கலாம் என்பதுதான் குறை.

மராமத்து செய்யப்போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியவை சில. டைல்ஸும் குழாயும் சிமெண்டும் வீட்டில் வந்து இறங்கும்வரை சம்மட்டி மாடிப்படி ஏறக் கூடாது. ஒரு கழிவறையில் தண்ணீர் தேக்கி வைத்து, கீழ்வீட்டில் கசிவில்லை என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொடவிட வேண்டும். பணம் கொடுப்பது முடிந்த வேலைக்குத்தான், உடைத்த வேலைக்கு அல்ல. பேசிய தொகையில் பத்தில் ஒரு பங்காவது, கடைசி டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் பூசி முடிக்கும்வரை வீட்டுக்காரர் கையிலேயே இருக்கட்டும்.