கலக்காத தண்ணீர்

ஐப்பசி மழையில் மாடு நடுங்குமே, பாவம் என்று இரக்கப்படுகிறவர்கள் மாடு வளர்க்காதவர்கள். மன்னார்குடிப் பக்கம் எங்கள் கொட்டகையில் நிற்பது ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் கலப்பு. பூர்வீகம் நெதர்லாந்து. சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்த ஜீவன், நாலு மழை விழுந்ததும் பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி பூரித்து நிற்கும். நடுங்குவது நாங்கள்தான்.

மழைக்குத் துளிர்த்த புல்லை வரப்பு வரப்பாக அறுத்துப் போடுகிறோம். பால் கூடுகிறது. கூடின பாலைக் கேனில் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் சொசைட்டிக்குப் போனால், மெஷின் ஃபேட்டைக் குறைத்துக் காட்டுகிறது. லிட்டரை மட்டும் பார்த்து அங்கே காசு கொடுப்பதில்லை. கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று பார்த்துத்தான். அளக்கிற தம்பி மெஷினையும் பார்ப்பார், சொட்டச் சொட்ட நிற்கிற என் வேட்டியையும் பார்ப்பார்.

"என்னண்ணே, கேனத் தொறந்து வச்சிக்கிட்டே வந்தீங்களா?"

வரிசையே சிரிக்கும். சிரித்தவர் கேனிலும் அதே கதைதான் என்பது அடுத்த நிமிஷம் தெரியும்.

விஷயம் இதுதான். இளம்புல்லில் ஈரம் அதிகம், நார் குறைவு. பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைக்கும்போது அசிட்டிக் அமிலம் உண்டாகும். பாலின் கொழுப்பில் கணிசமான பங்கு அதிலிருந்துதான் வருகிறது. நார் குறைந்தால் ஃபேட்டும் குறையும். இதை வரிசையில் நின்று விளக்கியும் பார்த்தேன். இவ்வளவு வேதியியல் பேசுகிறவன் நிச்சயம் தண்ணீர் ஊற்றியிருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நல்ல பசும்பாலிலேயே சுமார் 87 சதவீதம் தண்ணீர். அதை ஊற்றியது மாடு. மாட்டை ஒருவரும் கேட்பதில்லை.

பரிகாரம் உண்டு: புல்லோடு காய்ந்த வைக்கோலும் போட வேண்டும். ஐப்பசியில் காய்ந்த பொருள் என்று ஊரில் ஏதாவது இருந்தால்தானே? ஈரம் இறங்கிப் பூஞ்சை பிடித்த வைக்கோலைப் போடவும் முடியாது. அதன் நஞ்சு பாலில் இறங்கும். எனவே வீட்டில் இருக்கும் நல்ல தார்ப்பாயெல்லாம் வைக்கோல் போருக்குப் போய்விட்டது. அடுப்படி ஓட்டில் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் அம்மா சட்டி வைத்திருக்கிறாள். சோறு வடிக்கப் பாத்திரம் கேட்டால், "வைக்கலுக்கு ரெண்டு தார்ப்பாய், என் அடுப்புக்கு ஆகாசமா?" என்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் அடுப்படிக்கு ஃபேட் பார்த்து யாரும் காசு தருவதில்லையே!

கறவை நேரம் தனிக்கூத்து. கொசுவுக்குப் புகை போடலாம் என்று நொச்சியும் வேப்பிலையும் ஒடித்து வந்தால், நனைந்த தழை எரியாது. புகை மட்டும் கொட்டகையை அடைக்கும். நான் இருமிக்கொண்டு வெளியே ஓடுவேன், கொசு உள்ளேயே இருக்கும். திரும்பி வந்து மடியைக் கழுவித் துடைத்து, ஈரம் நின்றால் மடிநோய் வருமே என்று மறுபடியும் துடைத்து, குனிந்து உட்கார்ந்தால், சாணியில் தோய்ந்த வால் கொசுவைத் தேடி வரும். அது கண்டுபிடிப்பது என் கன்னத்தை. கறவை மெஷின் வாங்கலாமே என்கிறார் சென்னை மைத்துனர். இடி இடித்ததும் போகிற கரண்ட் பற்றி அவருக்குத் தெரியாது.

இத்தனைக்கும் மேலே, மாடு பருவத்துக்கு வருவதும் இந்த மழையில்தான். பகலெல்லாம் சாதுவாக அசைபோட்டுவிட்டு, வாய்க்கால் கரை வழிகிற ராத்திரியாகப் பார்த்துக் கத்தத் தொடங்கும். ராத்திரி கத்தினால் மறுநாள் காலையில் சினை ஊசி போட்டாக வேண்டும். தவறினால் இன்னும் 21 நாள். விடியற்காலையில் ஊசி போடுகிறவருக்கு ஃபோன் போட்டேன்.

"பாலத்து மேல தண்ணி ஓடுதுங்க. மாட்டை இந்தப் பக்கம் ஓட்டிட்டு வந்துடுங்களேன்."

"என்னாலயே வர முடியலீங்க, அது எப்படிங்க வரும்?"

"அப்ப அடுத்த தடவ கத்தும்போது கூப்பிடுங்க."

காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். கார்த்திகை நடுவில் வந்து விழுகிறது.

"அன்னைக்கும் பொயல்தான்டா" என்றாள் அம்மா. "அதுக்குத்தான் அது நாள் குறிச்சிருக்கு."