லவ் லைவ் புகுமுக வகுப்பு

ஜப்பானியக் கேளிக்கைத் தொழிலில் ‘மீடியா மிக்ஸ்’ என்றொரு சொல் வழங்குகிறது. ஒரே கற்பனையைப் பாட்டாகவும், இதழ்த் தொடராகவும், அனிமே எனப்படும் அசைபடமாகவும், கைப்பேசி விளையாட்டாகவும், மேடை நிகழ்ச்சியாகவும் விற்கும் முறைக்கு அது பெயர். ஒரே தேங்காயில் சட்னி, பர்பி, எண்ணெய் எல்லாம் எடுத்து முடித்துச் சிரட்டையையும் அகப்பையாக்கிவிடும் இல்லத்தரசியின் சிக்கனத்தோடு அதை ஒப்பிடலாம். ஆனால் இங்கே சிக்கனம் விற்பவருக்கு மட்டுமே உரியது, வாங்குபவருக்கு அன்று. இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகிய ‘லவ் லைவ்!’ என்னும் இசைக்கதைத் தொகுதிக்குள் புதிதாக நுழைபவர் படும் இன்னல்களையும் அவற்றுக்கான பரிகாரத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் இன்னல், தொடக்கம் எது என்பதே. தொகுதியின் அன்பர்கள் தம்மை ‘லவ் லைவர்’ என்று அழைத்துக்கொள்கின்றனர். அவர்களுள் ஒருவரிடம் எங்கிருந்து தொடங்குவது என்று புதியவர் கேட்டுவிட்டால், வழி கேட்டவரிடம் ஊரின் தலபுராணத்தையே ஒப்பிக்கும் பெரியவரைப் போல அவர் உற்சாகம் கொள்கிறார். தோக்கியோவின் அகிஹபாரா, கண்டா வட்டாரத்தைச் சேர்ந்த ‘மியூஸ்’ குழுவில் ஒன்பது பேர். ஷிசுவோக்கா மாநிலத்துக் கடற்கரை நகரமான நுமாசுவின் ‘அக்வா’ குழுவில் மேலும் ஒன்பது பேர். ஒதாய்பாவில் ‘நிஜிகசாக்கி’, ஹராஜுக்கு பக்கம் ‘லியெல்லா’, கனசாவாவில் ‘ஹசுநோசோரா’ எனக் கிளைகள் விரிகின்றன. ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பள்ளி, தனிப் பாடல்கள், தனிக் கதை உண்டு. தம் கிளையிலிருந்து தொடங்குவதே முறை என்று சாதிக்கும் தனி அன்பர் கூட்டமும் உண்டு. மூன்று அன்பர்களைக் கேட்டவருக்கு நான்கு கருத்துகள் கிடைக்கும். நான்காவது, மூன்றாமவர் நள்ளிரவில் மனம் மாறி அனுப்பிய திருத்தப் பட்டியலாகும்.

வரலாற்றை நோக்கினால் இக்குழப்பம் புதியவரின் குற்றமன்று என்பது விளங்கும். 2010இல் ‘டெங்கெகி ஜீஸ் மேகஸின்’ என்ற இதழை வெளியிட்ட ஆஸ்கி மீடியா வொர்க்ஸும், இசை நிறுவனமான லாண்டிஸும், அசைபட நிறுவனமான சன்ரைஸும் கூட்டுச் சேர்ந்து இத்தொகுதியைத் தொடங்கியபோது, ஒன்பது பெண்களின் படங்களும் சில குறிப்புகளும் இருந்தனவே தவிர, முழுமையான கதையென்று ஒன்று இருக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த முதல் இசைத்தட்டு ஐந்நூறு படிகள்கூட விற்கவில்லை என்று அன்பர்கள் இன்று பெருமையோடு சொல்லிக்கொள்கின்றனர். குழுவின் பெயரும், நடுவில் நின்று பாடுபவர் யார் என்பதும் வாசகர்களின் வாக்கைக் கொண்டு முடிவாயின. தொலைக்காட்சித் தொடர் வந்தது 2013 ஜனவரியில்தான். பிள்ளை பிறந்து, நடை பழகி, நாலு பேரிடம் பெயரும் வாங்கிய பிறகு ஜாதகம் கணித்த கதையாக, பாட்டு முன்னும் கதை பின்னுமாக வளர்ந்த தொகுதி இது. ஆகவே முறையான தொடக்கத்தைத் தேடுபவர், அதை உருவாக்கியவர்களிடமே இல்லாத ஒன்றைத் தேடுகிறார்.

பின்னால் வந்த கதையோ எளியது. ஒத்தோநோகிசாக்கா என்னும் பெண்கள் பள்ளியில் சேர்க்கை குறைந்துகொண்டே போவதால் அதை மூடிவிட நிர்வாகம் எண்ணுகிறது. மிட்டாய்க்கடை வீட்டுப் பெண்ணான ஹோனோகா, தோழியர் இருவரைச் சேர்த்துக்கொண்டு ‘ஸ்கூல் ஐடல்’ ஆகிறாள். தொழில்முறைப் பாடகியாக அன்றி, படிக்கும் பள்ளியின் பெயரால் ஆடிப்பாடும் மாணவியை அச்சொல் குறிக்கும். கிரேக்கக் கலைத் தேவியர் ஒன்பதின்மரை நினைந்து ஒருவர் ‘மியூஸ்’ என்ற பெயரைச் சீட்டில் எழுதிப்போட, ஹோனோகா அதைப் படித்துவிட்டுச் சோப்பா என்று கேட்கிறாள். முதல் நிகழ்ச்சியன்று மூவரும் கைகோத்து நிற்க, திரை விலகுகிறது. எதிரே அரங்கு முழுவதும் வெற்று இருக்கைகள். ஹோனோகாவின் கண்ணில் நீர் திரளும் வேளையில், மூக்குக்கண்ணாடி அணிந்த ஹனயோ என்னும் சிறுபெண் மூச்சிரைக்க ஓடிவந்து, நிகழ்ச்சி முடிந்துவிட்டதோ என்று விழிக்கிறாள். அந்த ஒருத்திக்காகப் பாட்டு தொடங்குகிறது. தாமதமாக வருவதற்கு இத்தொகுதியில் இத்துணை மரியாதை உண்டு என்பதைப் புதியவர் குறித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் இன்னல் நிறங்களைப் பற்றியது. ‘ஓஷி’ என்பது ஒருவர் தமக்கென வரித்துக்கொண்டு ஆதரிக்கும் உறுப்பினரைக் குறிக்கும் சொல். தள்ளுதல், பரிந்துரைத்தல் ஆகிய பொருள்களைத் தரும் வினையடியிலிருந்து அது பிறந்தது. மியூஸில் ஹோனோகாவுக்கு ஆரஞ்சு, ஊமிக்கு நீலம், மகிக்குச் சிவப்பு, ரின்னுக்கு மஞ்சள், நிக்கோவுக்கு இளஞ்சிவப்பு என்று நிறங்கள் வகுக்கப்பட்டுள்ளன. பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்த நடிகையரே மேடையேறி ஆடும் நிகழ்ச்சிகளில், பார்வையாளர்கள் பொத்தானை அழுத்தினால் நிறம் மாறும் கைவிளக்கை அதற்கேற்ப அசைக்க வேண்டும். இக்கட்டுரையாளர் தமக்கு ஓஷி எவரும் இல்லையென்றும், தமது ஈடுபாடு ஆய்வு நோக்கிலானது மட்டுமே என்றும் மூன்று வாரங்கள் வீட்டாரிடம் சாதித்துவந்தார். நான்காம் வாரம் அவரது மேசையில் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை ஹனயோவின் நிறம். வெள்ளைச் சோற்றைக் கண்டால் உலகையே மறந்துவிடும் பாத்திரத்தின்மேல் சோற்றையே நம்பி வளர்ந்தவருக்குப் பற்று உண்டாவதை ஆய்வின் பிழையாகக் கொள்ள இயலாது.

மூன்றாம் இன்னல் பணப்பையைச் சார்ந்தது. நிகழ்ச்சிச் சீட்டுக்கான குலுக்கலில் முந்திக் கலந்துகொள்ளும் உரிமை வட்டுகளோடு இணைத்து விற்கப்படுவதால், ஒரே வட்டைப் பலமுறை வாங்கிய பின்னும் சீட்டு கிடைக்காமல் போவது இயல்பு. விளையாட்டுகளின் கதை வேறு. 2013இல் வந்த ‘ஸ்கூல் ஐடல் ஃபெஸ்டிவல்’ பத்தாண்டுகள் வாழ்ந்து 2023 மார்ச்சில் மறைந்தது. அதன் வாரிசாகிய இரண்டாம் விளையாட்டின் உலகப் பதிப்போ, 2024 பிப்ரவரியில் வெளிவரும் என்ற அறிவிப்போடு, மே 31 அன்று நிறுத்தப்படும் என்ற அறிவிப்பையும் சேர்த்தே பெற்றது. பெயர்சூட்டு விழாவுக்கும் கருமாதிக்கும் ஒரே பத்திரிகை அச்சடித்த நிகழ்ச்சி விளையாட்டு வரலாற்றில் அரிது.

இவ்வளவையும் தாண்டியவர் ‘செய்ச்சி ஜுன்ரேய்’ எனப்படும் தலயாத்திரைக்குத் தகுதி பெறுகிறார். கதை நிகழும் உண்மையான இடங்களைத் தரிசிப்பதற்கு அது பெயர். கண்டா மியோஜின் கோயிலின் செங்குத்தான படிகளில் மியூஸ் பெண்கள் ஓடிப் பயிற்சி செய்ததை நினைந்து ஏறும் அன்பர், பாதிவழியில் கலைக்கும் இதயநோய் மருத்துவத்துக்கும் உள்ள தொடர்பை உணர்வார். நுமாசு நகராட்சிப் பகுதியில் அக்வா உறுப்பினர்களின் உருவம் பொறித்த சாக்கடை மூடிகள் தெருக்களில் பதிக்கப்பட்டுள்ளமையால், அங்கு நடப்பவர் மிதித்துவிடாமல் குனிந்தே செல்கின்றனர். அக்வா கதையின் நாயகி சிகாவின் வீட்டுக்கு மாதிரியான யசுதாயா விடுதியில்தான் எழுத்தாளர் தசாய் ஒசாமு 1947இல் ‘சாயும் கதிரவன்’ நாவலின் தொடக்கப் பகுதியை எழுதினார். இலக்கியத்துக்காகவே வந்ததாகச் சொல்லிக்கொள்ள விரும்பும் அன்பர்க்கு இச்செய்தி பெரிதும் உதவும்.

இனிப் பரிகாரம். எந்தக் கதவு முதலில் திறக்கிறதோ அதன்வழி நுழைந்துவிடுவதே அது. ஒரு பாட்டுப் போதும். எஞ்சியதை அன்பர்கள் பார்த்துக்கொள்வர், ஏனெனில் அவர்களது ஆர்வத்தின் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. மியூஸின் பள்ளி தப்பிப் பிழைத்தது. அக்வாவின் ஊராநோஹோஷி பள்ளிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. குறித்த நேரத்துக்குள் நூறு பேர் சேர விரும்பினால் பள்ளி பிழைக்கும் என்னும் நிலையில், விடியும்வரை கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் கண்முன் எண்ணிக்கை 98இல் நின்றுவிட்டது. அந்தக் காட்சியைப் பார்த்த எவரும் அதன்பின் புதியவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. பட்டியல்களும் திருத்தப் பட்டியல்களும் உண்மையில் சேர்க்கை விண்ணப்பங்களே. இன்று நுழைபவர் 99ஆம் ஆளாகிறார்; மறுநாள் காலையில் அவரும் அலுவலக நண்பரிடம் ஒரேயொரு பாட்டைக் கேட்டுப் பார்க்குமாறு கெஞ்சத் தொடங்குகிறார்.