நிலக்கரி கேட்காத பெட்டி

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள் கட்டிவைத்தார்கள். துறைமுகத்தில் கப்பல் கப்பலாக நிலக்கரி இறக்கி, எரித்து, சாம்பல் அள்ளித்தான் அங்கே மின்சாரம் எடுக்க வேண்டும். பாவம், பழைய முறை. பாளையங்கோட்டை ரோட்டில் அதிர்ந்துகொண்டு போகும் கார்களின் டிக்கியில் இருக்கிற ஆம்ப்ளிஃபயருக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. அட்டைப்பெட்டியில் ‘5000 வாட்’ என்று அச்சடித்தால் ஆயிற்று.

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட். பெருக்கினால் உள்ளே போவது 432 வாட். ஏபி வகை ஆம்ப் என்றால் அதிலும் கிட்டத்தட்ட பாதி வெறும் சூடு. மீதியை வைத்துக்கொண்டு ஐயாயிரம் தருகிறதே, இந்த ஈகை யாருக்கு வரும்? வாட்டைக் கணக்கிடும் முறைகளில் ஆர்எம்எஸ் கருமி, தொடர்ந்து எவ்வளவு தர முடியுமோ அதை மட்டுமே சொல்லும். பிஎம்பிஓ வள்ளல், இமைக்கும் நேரம்கூட நிற்காத உச்சத்தையும் நம் கணக்கில் வரவு வைத்துவிடும்.

டேஷ்போர்டு ஸ்டீரியோவின் நெற்றியில் ‘50 வாட் × 4’ என்றிருக்கும். அதைப் பொய் என்று சொன்னால் நாக்கு அழுகும். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்துப் பாருங்கள்: 51.84. பாட்டு முழுக்கச் சிதைந்து சதுர அலையாக வந்தாலும் சரி என்பவருக்கு அத்தனையும் கிடைக்கும். பாட்டு பாட்டாகத்தான் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தால் இருபது வாட் பக்கம். ரசனைக்கு அபராதம் வேண்டாமா?

இவற்றுக்கெல்லாம் மேல், ஆம்ப்பின் இரண்டு சேனல்களையும் ஒரே ஸ்பீக்கருக்கு இணைக்கும் பிரிட்ஜிங். ஒரு சேனலின் பிளஸ், மற்றதன் மைனஸ். ஒன்று ஏற மற்றது இறங்க, ஸ்பீக்கருக்கு இரண்டு மடங்கு வோல்ட். வாட்டோ நான்கு மடங்கு, காகிதத்தில். 4 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓமாகத் தெரிந்து கூடுதல் கரண்டை இழுக்கும் என்ற அற்ப விஷயத்தைச் சொல்லி வாடிக்கையாளர் மனதைக் கடைக்காரர் நோகடிப்பதில்லை. “பிரிட்ஜ் பண்ணிருவோம் அண்ணாச்சி, சும்மா அதிரும்லா!” 2 ஓம் சப்வூஃபரையே மாட்டிக் கொடுப்பார். சேனலுக்கு 1 ஓம். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்று ‘புரொடெக்ட்’ விளக்கு சிவப்பாக எரியும். ஐயாயிரம் வாட்டில் கண்ணால் பார்க்கக் கிடைப்பது அதுதான். அதற்கும் தனியாகக் காசு வாங்குவதில்லை.