மலையில்லாத நாட்டில் மண்சரிவு

ஐரோப்பாவில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தால் சம்பளம் தருவார்கள் என்று மாமாவை இன்னும் நம்பவைக்க முடியவில்லை. கட்டாருக்குப் போக ஏஜென்சிக்காரனிடம் காசு கட்டிவிட்டு, விமானத்தையே காணாதவர் அவர். "படிக்கிறதுக்கு நாமதான் காசு கட்டணும். அவன் நமக்குக் குடுக்கிறான்னா எங்கயோ உதைக்குது மருமகனே" என்பார்.

நெதர்லாந்திலும் நோர்வேயிலும் ஆய்வு மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர்தான். விளம்பரம் வரும், நேர்முகத் தேர்வு நடக்கும், சம்பளத்தோடு லீவும் உண்டு. ஜேர்மனியில் பல இடங்களில் முழுநேர வேலையில் 65 வீதம்தான் தருவார்கள். சம்பளமும் அந்தக் கணக்கில்தான். ஆய்வு மட்டும் முழுசாக முடிய வேண்டும். "மிச்ச 35ஐயும் நீ சும்மா செய்யணும், அதானே?" என்றார் மாமா. ஐரோப்பிய ஆய்வுலகை இவ்வளவு வேகமாகப் புரிந்துகொண்ட ஒருவரை நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்கூடக் கண்டதில்லை.

மேரி கியூரி பெயரால் ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஆய்வு நிதிக்கு ஒரு விதி இருக்கிறது. முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல், ஆய்வு செய்யப் போகும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது. வேறு தகுதி இருக்கிறதோ இல்லையோ, இந்தத் தகுதி எங்கள் அம்பிட்டிய பஸ் கொண்டக்டருக்கும் இருக்கிறது.

ஆய்வுக்கு இடம் கேட்டுப் பேராசிரியருக்கு எழுதும்போது அவருடைய கட்டுரையைப் புகழ வேண்டும். அதைவிடக் கொடுமை, படித்திருக்கவும் வேண்டும். நான் எழுதியது ஓகஸ்டில். ஓகஸ்டில் ஐரோப்பாவில் ஆளே இருப்பதில்லை. ஆனாலும் பொத்தானிலிருந்து விரலை எடுக்குமுன் பதில் வந்துவிட்டது. அம்மா சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். 'விடுமுறையில் இருக்கிறேன், செப்டெம்பரில் திரும்புவேன், அவசரமென்றால் செயலாளரிடம் பேசவும்.' இது கணினி தானாக அனுப்புவது என்றேன். மாமா விடவில்லை. "லீவில இருக்கிற மனுஷன் உனக்காக மெனக்கெட்டு எழுதியிருக்கார். அவசரமான்னு வேற கேக்கிறார்!"

ஒரு காலத்தில் ஐரோப்பாவே எங்கள் கண்டி மலையேறி வந்தது. பாப்பரசர் 13ஆம் லியோ 1893இல் தொடங்கிய குருமடம் அம்பிட்டியவில்தான் இருந்தது. பெல்ஜிய இயேசு சபையினர் கப்பலேறி வந்து மெய்யியலும் இறையியலும் படிப்பித்தார்கள். இந்தியாவிலிருந்து மாணவர்கள் தேடி வந்தார்கள். 1955இல் அது பூனேக்குப் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் நான் நடந்தே போய்ப் படித்திருப்பேன். கலியாணம் கட்ட முடியாது என்பது ஒன்றுதான் சிக்கல்.

என் ஆய்வு மண்சரிவு பற்றியது. செய்மதிப் படங்களை வைத்து இதைப் படிக்கப் பேர்போன இடங்களில் ஒன்று, நெதர்லாந்தின் என்ஷெடே நகரில் இருக்கும் ஐ.டி.சி. என்ற பல்கலைக்கழகப் பீடம். ஐரோப்பாவிலுள்ள நெதர்லாந்தின் மிக உயர்ந்த மேடு வெறும் 322 மீற்றர். கண்டி நகரமே கிட்டத்தட்ட 500 மீற்றரில் இருக்கிறது.

"அவன்கிட்ட சரியிறதுக்கு என்னடா இருக்கு?"

"படம் இருக்கு, கணினி இருக்கு, காசு இருக்கு மாமா."

"சரிவு நம்மகிட்டதானே இருக்கு? மழை பேஞ்சா வீட்டுக்குப் பின்னாலேயே பாக்கலாம். நீ ஏன் போறே? அந்த ப்ரொபசரை இங்க வரச்சொல்லு. பின் ரூம் சும்மாதான் கிடக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அட்வான்ஸ் ஆறு மாசம்னு முதல்லயே எழுதிடு."