வண்டி ஓடுகிறது, விளக்கு எரிகிறது

கேள்வி: கலிபோர்னியாவில் 1999 மாடல் கார் வைத்திருக்கிறேன். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் பி0455 என்கிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். பி0455 என்றால் எஞ்சினில் கோளாறு இல்லை, நழுவுவது பெட்ரோல் ஆவி, அதுவும் பெரிய ஓட்டை வழியாக. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல், வெயிலோடு சேர்ந்து ஊருக்கே புகைமூட்டமாகிறது! முதலில் டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடித்திருந்தால் புது மூடி போடுங்கள். அடுத்து, அந்த ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வு: மின்இணைப்பைக் கழற்றியதும் அது மூடியிருக்க வேண்டும், காற்று புகுந்தால் குற்றவாளி அதுதான். இரண்டும் சரியென்றால் மெக்கானிக்கிடம் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஓட்டை தானாகப் புகைந்து காட்டும். கோளாறைச் சரிசெய்யாமல் குறியீட்டை மட்டும் அழித்துவிட்டு ஸ்மாக் சோதனைக்கு (வாகன மாசுச் சோதனை) போகாதீர்கள். குறியீட்டோடு அழிந்த சுயபரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று வண்டியே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.