நாற்பத்தைந்து விநாடி ஷிஃப்ட்

ஐஸ் ஹாக்கியில் ஷிஃப்ட் என்று ஒன்று உண்டு. நம்ம ஊர் ஷிஃப்ட்தான், அதே சொல். ஆட்டக்காரி பனித்தரையில் இறங்கி, உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, பெஞ்சுக்குத் திரும்பும் வரையிலான நேரம் ஒரு ஷிஃப்ட். சுமார் 45 விநாடி. அதற்கு மேல் நின்றால் கால் தளர்ந்து ஆட்டம் கெடும் என்று பயிற்சியாளரே கத்திக் கூப்பிட்டு உட்கார வைப்பார். அடுத்தவள் தடுப்பைத் தாண்டி உள்ளே குதிப்பாள்.

இதை எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்ணிடம் சொன்னேன். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து, கம்பெனிச் சட்டையை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நாப்பத்தஞ்சு செகண்டாக்கா? அதுக்குள்ள எங்க லைன்ல ரெண்டு பீஸ் தாண்டிடும்.”

“அப்புறம் உட்கார வெச்சிடுவாங்களாம்.”

“உக்காரவா?” என்று கேட்டுவிட்டு, நான் கிண்டல் பண்ணுகிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம், சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வீடு. மாடியை ஒரு காண்ட்ராக்டர் எடுத்திருக்கிறார். அவர் பெயர் வேண்டாம், அவர் ஆள் அனுப்பும் கம்பெனியின் பெயரும் வேண்டாம். இரண்டு அறை, பதினொரு பெண்கள், ஆறு பாய். ஏ ஷிஃப்ட்காரி எழுந்துபோன பாயில் சூடு ஆறுவதற்குள் சி ஷிஃப்ட்காரி வந்து படுத்துவிடுவாள். மாதம் பிறந்தால் வாடகையை எண்ணி வாங்குகிற நானும் இந்தக் கணக்கில் ஓர் இலக்கம்தான், ஒளிப்பதற்கில்லை.

இந்தப் பெண் விழுப்புரம் பக்கம். பள்ளியில் ஹாக்கி ஆடியவள். பனியில் எங்கே ஆடுவது, செம்மண் கிரவுண்டில்தான். அந்தச் சான்றிதழ் பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் கிடக்கிறது. வேலைக்கு ஆள் எடுத்த அன்று காட்டினாளாம். “அத புரட்டிக்கூடப் பாக்கலக்கா. கண்ணு நல்லா தெரியுமா, கல்யாணம் ஆயிடுச்சா, அவ்ளோதான் கேட்டாங்க.”

ஸ்ரீபெரும்புதூருக்கு ஏற்கெனவே இரண்டு வரலாறு இருக்கிறது. ராமானுஜர் பிறந்தது ஒன்று, ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது இன்னொன்று. மூன்றாவதாக, இவ்வூர் மகளிர் ஐஸ் ஹாக்கி அணியின் வரலாற்றை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்படி ஓர் அணியே கிடையாதே என்பீர்கள். இல்லாததற்கெல்லாம் அடிக்கல் நாட்டுகிற நாட்டில் இல்லாத அணிக்கு ஒரு வரலாறு கூடாதா?

அணியின் பூர்வீகம் ஃபின்லாந்து. அங்கே டாம்பரே நகரை ஒட்டி, ஆற்றங்கரையில், நோக்கியா என்று ஒரு சிற்றூர். 1865இல் டாம்பரேயில் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கிய கம்பெனி, அந்த ஆற்றங்கரையில் இன்னோர் ஆலை போட்டு, ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. காகிதம், ரப்பர் பூட்ஸ், கேபிள் என்று பார்த்துவிட்டுக் கடைசியில் செல்போனுக்கு வந்தது. அதே டாம்பரேயில்தான் 1965இல் நாட்டின் முதல் பனி உள்ளரங்கம் கட்டினார்கள். 1982இல் பெண்களுக்கென்று தேசிய லீக் பிறந்தபோது அந்த ஊரின் இல்வெஸ் கிளப் பெண்கள் முதல் சீசனிலேயே இறங்கினார்கள். இதுவரை 10 முறை சாம்பியன். 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கியை முதன்முதலாகச் சேர்த்தபோது ஃபின்லாந்து வெண்கலம் வாங்கியது.

ரொம்ப உருக வேண்டாம். அங்கேயும் பெண்கள் லீக்கில் பெரும்பாலோர் சம்பளம் என்று சொல்லும்படி எதையும் பார்க்காமல்தான் ஆடிவந்திருக்கிறார்கள். ஆண்கள் ஆட்டத்துக்குப் பணம், பெண்கள் ஆட்டத்துக்குக் கைதட்டல். இந்த ஒரு விஷயத்தில் வடதுருவமும் செங்கல்பட்டும் ஒன்று. பகலில் வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருவார்கள். இந்த வாக்கியத்தில் ‘மாலை’ என்று ஒரு சொல் வருகிறது, கவனித்தீர்களா? நமக்கு அர்த்தம் விளங்காத ஃபின்னிஷ் சொல் அதுதான்.

2006இல் நோக்கியா நம் ஊரில் ஆலை திறந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலம், வரிச் சலுகை, சிவப்புக் கம்பளம். சுற்று மாவட்டங்களிலிருந்து பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். ஐந்தே ஆண்டில் 50 கோடி செல்போன். 2010 அக்டோபர் 31 அன்று அந்த ஆலையில் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி இறந்துபோனார். 2013இல் வருமான வரித்துறை நுழைந்தது. 2014 ஏப்ரலில் கம்பெனி தன் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் முடங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலையைக் கழற்றிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வி.ஆர்.எஸ். வாங்கினார்கள். விருப்ப ஓய்வு! இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு விருப்பம் வந்ததாம். நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது.

டாம்பரேயில் 2021 டிசம்பரில் இன்னொரு பெரிய பனி அரங்கம் திறந்தார்கள். பெயர் நோக்கியா அரீனா. ஆம், கம்பெனி பணம் கட்டித் தன் பெயரை அதற்குச் சூட்டிக்கொண்டது. 50 கோடி செல்போனைப் பூட்டிக் கொடுத்த கைகளுக்கு இங்கே ஒரு கூடைப்பந்து வளையம்கூட அந்தப் பெயரில் இல்லை. மூடிக் கிடந்த ஆலைக்குள் பிறகு சார்ஜர் செய்ய சால்காம்ப் வந்தது. அதுவும் ஃபின்லாந்தில் பிறந்த கம்பெனி. ஃபின்லாந்துக்கு நம்மை விட்டுப் பிரிய மனமே இல்லை.

அதே 2021 டிசம்பரில்தான் நம் அணியும் களமிறங்கியது. ஆப்பிளுக்கு ஐபோன் பூட்டித் தரும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஓர் அறையில் முப்பது பேர் வரை, கட்டில் இல்லாத தரை, தண்ணீர் வராத கழிவறை என்று பின்னால்தான் செய்திகள் வந்தன. கூட இருந்தவள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று சொல்ல ஆள் இல்லை. செத்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. 17ஆம் தேதி ராத்திரி ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மார்கழி இரண்டாம் நாள். ஆட்டத்துக்கு வேண்டிய பனி வானத்திலிருந்தே இறங்கியது. எட்டு மணி நேரம் நின்றே பழகிய பெண்கள், உட்காரத் தார்ச்சாலை கிடைத்ததும் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. லாரிகள் மைல் கணக்கில் நின்றன. நடுவர்கள் காக்கியில் வந்து தூக்கிப் போனார்கள். வதந்தி பரப்பியதாக வழக்கும் பாய்ந்தது.

ஆட்ட முடிவு என்ன தெரியுமா? ஆலை வாரக்கணக்கில் மூடியது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. உலகத்தின் பெரிய கம்பெனிகளில் ஒன்றைப் பதில் சொல்ல வைத்தவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள். இவ்வளவு நாளும் அரசு அதிகாரி ஒருவருக்கும் தெரியாமலிருந்த கழிவறை, பெண்கள் ரோட்டில் உட்கார்ந்த மறுநாள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நம் அணியின் வரலாற்றில் ஒரே ஆட்டம் அதுதான், அதில் வெற்றி.

அடுத்து, ஓய்வு வயதுக்கு வருவோம். ஃபின்லாந்து வீராங்கனை ரீக்கா சாலினன் நாகானோ வெண்கல அணியில் ஆடியவர். குழந்தை குட்டி என்று குடும்பமாகி, பல ஆண்டு ஒதுங்கியிருந்து, திரும்பி வந்து 2018 ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வாங்கினார். அப்போது வயது 44. நம் லீக்கில் ஓய்வு வயதைத் தாலி முடிவு செய்கிறது. கல்யாணமான பெண்களை ஃபாக்ஸ்கானின் ஐபோன் லைனில் சேர்ப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. கம்பெனி, பாகுபாடே இல்லை என்றது. தொழிலாளர் துறை அதிகாரிகள் போய் எண்ணினார்கள்: 33,360 பெண்களில் கல்யாணமானவர்கள் 2,750. நூற்றுக்கு எட்டு. பெண்ணுக்கு இருபது முடிந்தாலே மாப்பிள்ளை தேடத் தொடங்கிவிடும் மாநிலம் இது. இங்கே நூற்றில் தொண்ணூற்றிரண்டு பேர் கன்னியாகவே லைனில் நிற்பது தற்செயல் என்று நம்ப வேண்டும். நம்பாதவருக்கு இரண்டு நிமிடம் பெனால்டி.

பெனால்டி என்றதும் ஞாபகம். ஐஸ் ஹாக்கியில் தப்பு செய்தவரைக் கண்ணாடிக் கூண்டில் இரண்டு நிமிடம் உட்கார வைப்பார்கள். மாடிப் பெண்ணின் லைனில் அது தலைகீழ். பாத்ரூம் போக லீடரிடம் கார்டு வாங்க வேண்டும், லைனுக்கு ஒரே கார்டு, போனவள் திரும்பினால்தான் அடுத்தவள். “தண்ணியே குடிக்க மாட்டோம்க்கா. குடிச்சாத்தான பிரச்சன?” தொப்பி, மாஸ்க், கையுறை, உடம்பு நடுங்கும் ஏசி, மூன்று ஷிஃப்ட். ஐஸ் ஹாக்கியிலும் மூன்று பாகம்தான், பாகத்துக்கு 20 நிமிடம். பயிற்சியில் நம் பெண்கள் ஃபின்லாந்தை எப்போதோ தாண்டிவிட்டார்கள்.

பனியே இல்லாத ஊரில் எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பவர்கள், பனி உள்ள ஊரில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். இந்தியாவுக்கு நிஜமாகவே ஒரு மகளிர் ஐஸ் ஹாக்கி அணி இருக்கிறது. பெரும்பாலும் லடாக் பெண்கள். குளத்துத் தண்ணீர் உறையும் சில வாரங்கள்தான் அவர்களுக்குப் பயிற்சிக் காலமாக இருந்தது. 2016இல் தைபேயில் முதல் சர்வதேசப் போட்டி. 2017இல் பாங்காக் போகக் காசில்லாமல் பொதுமக்களிடம் கையேந்தித்தான் விமானம் ஏறினார்கள். போய், பிலிப்பைன்ஸை 4–3 என்று வென்று முதல் வெற்றியோடு வந்தார்கள். டேராடூனில் 2011இல் பல கோடி கொட்டிக் கட்டிய பனித்தளம் அந்த ஆண்டுகளிலெல்லாம் பூட்டிக் கிடந்தது. 2025இல்தான் மறுபடி திறந்தது. அதே 2025இல் நம் பெண்கள் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள். எங்கே? அமீரகத்தின் அல் ஐன் நகரில். பாலைவனத்துக்காரன் பனித்தளம் வைத்திருக்கிறான், இமயமலைக்காரி அங்கே போய் ஆடுகிறாள்.

அணியைப் பதிவு செய்வது லேசு என்றும் நினைத்துவிட வேண்டாம். இதே சுங்குவார்சத்திரத்தில் 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் பந்தலில் உட்கார்ந்தார்கள். தங்கள் சங்கத்துக்கு ஒரு பதிவு எண் கேட்டு, கோர்ட்டு வரை போய், 2025 ஜனவரியில்தான் அது கைக்கு வந்தது. பெண்கள் நாலு பேர் சேர்ந்து நின்றாலே அது அணியா, சங்கமா என்று மேலே இருப்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. சந்தேகம் நியாயமானதுதான். ஒன்றாக ஆடிப் பழகியவர்கள் ஒன்றாக உட்காரவும் பழகிவிடுவார்கள்.

வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கு அரசு கட்டிய விடுதியை 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்துவைத்தார். 706 கோடி ரூபாய்ச் செலவு, 18,720 படுக்கை. நல்ல காரியம், கிண்டல் செய்ய மாட்டேன். ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் சம்பந்தமே இல்லாதது போல் பேசுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அறைக்கு ஆறு பேர். ஐஸ் ஹாக்கியிலும் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர்தான் தளத்தில் இறங்குவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 3,120 அணி வருகிறது. உலகத்திலேயே பெரிய லீக் நம்மிடம் ஆளோடு தயார். எல்லாரும் இப்போது தூங்குகிறார்கள் அல்லது லைனில் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

கம்பெனிகளுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் எடுத்துத் தரத் தெரிந்த சிப்காட் அதிகாரிகளே, பனித்தளமெல்லாம் கேட்கவில்லை. ஒரகடம் பக்கம் ஒன்று, சுங்குவார்சத்திரம் பக்கம் ஒன்று, விளக்குப் போட்ட இரண்டு மண் திடல் கொடுங்கள். தொழிலாளர் துறையே, வாரத்தில் ஒரு மாலை ஓ.டி. போடக் கூடாது, விடுதி கேட்டில் கையெழுத்துக் கேட்கக் கூடாது என்று ஒரே ஒரு உத்தரவு போடுங்கள். மட்டையை ஊரிலிருந்து நானே எடுத்து வருகிறேன் என்கிறாள் மாடிப் பெண்.